பனிக்கடலின் ஒற்றைக் கப்பல்: ஹீலியின் ஆய்வுச் சேவை பற்றி

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஹீலி என்னும் பனியுடைப்புக் கப்பலில் நான் கால் வைத்ததில்லை. ஆயினும் அந்தக் கப்பல் ஆர்க்டிக் பெருங்கடலில் அளந்து வந்த ஆழங்களையும் வெப்பநிலையையும் உவர்ப்பையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஓர் ஆய்வுக் கப்பலின் சேவை, அதில் செல்லும் அறிஞர்களுக்கு அறையும் உணவும் ஆய்வுக்கூடமும் தருவதோடு முடிந்துவிடுவதில்லை. கப்பல் கரைக்குத் திரும்பிய பின், அது கொண்டுவந்த எண்களை உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் எடுத்து நம்பிக்கையோடு கையாள முடிகிறதா என்பதும் அந்தச் சேவையில் அடங்கும். அந்த வகையில் நானும் இக்கப்பலிடம் பயன்பெறுகிறவன்தான். கடலியல் படிக்கும் மாணவர்கள் சிலர் ஆர்க்டிக் தரவுகளை எங்கே தேடத் தொடங்குவது என்று கேட்டபோதெல்லாம் நான் முதலில் சொன்ன பெயர் ஹீலி என்பதால், அதன் நிறைகளையும் குறைகளையும் ஒருமுறை விரிவாக எழுதிவைக்க விரும்பினேன்.

கடலோரக் காவல்படைக்கும் கடலியலுக்கும் என்ன தொடர்பு என்ற வியப்பு நம் நாட்டு வாசகருக்கு எழுவது இயல்பு. அமெரிக்காவில் அந்தத் தொடர்பு டைட்டானிக் மூழ்கிய 1912ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அந்த விபத்தின் விளைவாக 1914இல் அமைக்கப்பட்ட பன்னாட்டுப் பனிமலைக் கண்காணிப்புப் பணி, காவல்படையின் கைக்கு வந்தது. பனிமலை எந்தத் திசையில் மிதந்து செல்லும் என்று சொல்ல வேண்டுமானால் நீரோட்டத்தை அறிய வேண்டும். நீரோட்டத்தைக் கணக்கிட வேண்டுமானால் பல ஆழங்களில் நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் அளக்க வேண்டும். இப்படித் தேவையே அவர்களைக் கடலியலுக்குள் இழுத்து வந்தது. 1928இல் மேரியன் என்ற சிறு ரோந்துக் கப்பல் கிரீன்லாந்துக்கும் லாப்ரடாருக்கும் இடைப்பட்ட கடலை அளந்தது. பிற்காலத்தில், இரண்டாம் உலகப் போரின்போது மிதவைகளைப் பராமரிக்கக் கட்டப்பட்ட எவர்கிரீன் என்ற கப்பலே கடலியல் கப்பலாக மாற்றப்பட்டது. வேறு வேலைக்கென்று கட்டிய கப்பலில் ஆய்வுக்கு இடம் ஒதுக்கும் இந்த வழக்கம் ஹீலியில்தான் மாறியது. ஆய்வையும் மனத்தில் கொண்டே இதன் வரைபடம் போடப்பட்டது.

நியூ ஆர்லியன்ஸ் பகுதியிலிருந்த அவோண்டேல் கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஹீலி 1997 நவம்பரில் நீரில் இறக்கப்பட்டு, 2000 ஆகஸ்டில் முறைப்படி பணியில் சேர்க்கப்பட்டது. சியாட்டில் அதன் தாய்த்துறைமுகம். நீளம் 128 மீட்டர், அகலம் 25 மீட்டர், எடை ஏறத்தாழ 16,000 டன். நான்கு டீசல் ஜெனரேட்டர்கள் தரும் மின்சாரத்தால் இரண்டு பெரிய மோட்டார்கள் சுழன்று, 30,000 குதிரைத்திறனைச் சுழலிகளுக்குக் கொடுக்கின்றன. பனிக்கட்டியை உடைக்கும் கப்பல் கத்தியைப் போல அதைக் கீறிக்கொண்டு போகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் சரிவாக அமைந்த அணியம் (நம் கரையோர மீனவர்கள் படகின் முன்தலையை அழைக்கும் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்) பனிப்பாளத்தின் மேல் ஏறிக்கொள்ள, கப்பலின் எடை தாங்காமல் பாளம் நொறுங்குகிறது. 1.4 மீட்டர் தடித்த பனிக்கட்டியை மணிக்கு மூன்று கடல் மைல் வேகத்தில் நிற்காமல் உடைத்துச் செல்வதும், பின்வாங்கிப் பின்வாங்கி மோதினால் 2.4 மீட்டர் வரை தடித்த பாளத்தை உடைப்பதும் ஹீலிக்கு இயலும். இதைவிட ஆற்றல் மிக்க பனியுடைப்புக் கப்பல்கள் உண்டு. இதே காவல்படையின் போலார் ஸ்டார் 1976இல் பணியில் சேர்ந்தது. அதன் எரிவாயு விசையாழிகள் 75,000 குதிரைத்திறன் தரக்கூடியவை. ஆனால் அங்கே ஆய்வுக்கூடம் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது.

ஹீலியில் ஆய்வுக்கூடங்களின் பரப்பு மட்டும் ஏறத்தாழ 390 சதுர மீட்டர். ஐம்பது அறிஞர்கள் வரை தங்கலாம். பின்புறமும் வலப்புறமும் கருவிகளைக் கடலுக்குள் இறக்குவதற்கான பெரிய தாங்கிச் சட்டங்கள் உண்டு. கருவியை நீரிலிருந்து எடுத்ததும் மூடிய அறைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்பது கேட்பதற்குச் சிறு வசதியாகத் தோன்றும். காற்றே உறையும் குளிரில், மேல்தளத்தில் திறந்து வைத்த நீர்க்குப்பி சில நிமிடங்களில் உறைந்து போகும் என்பதையும், உறைந்த நீரில் எடுத்த உவர்ப்பு அளவு பயனற்றது என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்தக் கதவின் அருமை புரியும்.

இந்தக் கப்பலில் இடம் பெறும் முறையும் சொல்லத்தக்கது. காவல்படை தானாக ஆய்வுத் திட்டம் வகுப்பதில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளை போன்ற நிதி தரும் அமைப்புகளிடம் பல்கலைக்கழக அறிஞர்கள் திட்டத்தை அளித்து, அது ஏற்கப்பட்ட பின் கப்பலின் கோடைக்கால நாள்கள் பங்கிடப்படுகின்றன. அறிஞர்களின் சார்பில் கப்பலின் வசதிகளைப் பற்றி ஆலோசனை கூற, பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் ஆர்க்டிக் பனியுடைப்புக் கப்பலுக்கெனவே ஒரு குழு உண்டு. கப்பலை ஓட்டுபவர்கள் சீருடைப் படையினர். தளத்தில் கருவிகளை இறக்க உதவுவோரும் அவர்களே. படையில் பணியிட மாற்றம் வழக்கம் என்பதால், ஒரு பயணத்தில் கைதேர்ந்தவர்கள் சில ஆண்டுகளில் வேறு கப்பலுக்குப் போய்விடுகிறார்கள். பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்வுக் கப்பல்களில் ஒரே மாலுமி இருபது ஆண்டுகள் ஒரே வின்ச்சை (கருவிகளை வடத்தில் இறக்கி ஏற்றும் பொறி) பார்த்துக்கொள்வதுண்டு. அந்தத் தொடர்ச்சி இங்கே குறைவு. கருவிகளையும் கணினிகளையும் கவனிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து தொழில்நுட்ப வல்லுநர்கள் வருவதால்தான் தரவுகளின் தரம் ஆண்டுக்காண்டு சரியாமல் நிற்கிறது என்பது என் கணிப்பு.

இனி நான் நேரடியாகப் பயன்படுத்தும் பகுதிக்கு வருகிறேன். கப்பலின் அடியில் பொருத்திய மல்ட்டிபீம் கருவி, விசிறி விரிவது போல ஒலிக்கதிர்களைப் பக்கவாட்டில் பரப்பி, அவை கடலடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கிறது. ஒரு கோடாக அளந்த காலம் போய், கப்பல் போகும் வழியெங்கும் பல கிலோமீட்டர் அகலப் பட்டையாகக் கடலடி வரைபடம் கிடைக்கிறது. 2003இல் அலாஸ்காவுக்கு வடக்கே, நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் லாரி மேயர் தலைமையில் சென்ற பயணத்தில், அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கடலடி மலை இந்தக் கருவியில் எழுந்து நின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 3,000 மீட்டர். ஆனைமுடியைவிட உயரமான ஒரு மலை இருபத்தோராம் நூற்றாண்டு வரை யார் கண்ணுக்கும் படாமல் இருந்திருக்கிறது என்பதை முதன்முறை படித்தபோது நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கப்பலின் பெயரையே அந்த மலைக்கும் சூட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பனிக்கடலில் எடுத்த ஆழத்தரவை, திறந்த கடலில் எடுத்த தரவைப் போல எண்ணி யாரும் எடுத்தாளக் கூடாது. பனிப்பாளம் உடையும் ஓசை கருவியின் செவியை அடைக்கிறது. உடைந்த துண்டுகளும் காற்றுக்குமிழிகளும் கப்பலின் அடியில் புகுந்து ஒலிக்கதிர்களை மறைக்கின்றன. மோதியும் பின்வாங்கியும் கப்பல் செல்லும் இடங்களில் ஒரே பகுதி பலமுறை அளக்கப்பட, அடுத்த பகுதி வெற்றிடமாக நிற்கிறது. இதற்கு ஒரு நல்ல தீர்வு 2008 முதல் 2011 வரை கனடாவின் லூயி எஸ். செயின்ட் லோரன் என்ற பனியுடைப்புக் கப்பலோடு சேர்ந்து சென்ற பயணங்களில் கிடைத்தது. கடலடிக்குக் கீழுள்ள படிவுகளின் தடிமனை அறிய அதிர்வலைக் கருவியைக் கனடியக் கப்பல் இழுத்து வரும்போது ஹீலி முன்னே பாதை உடைத்தது. ஹீலி வரைபடம் எடுக்கும்போது கனடியக் கப்பல் முன்னே சென்றது. இரு நாடுகளுக்கும் அந்தக் கடலில் எல்லைக் கருத்து வேறுபாடு இருந்தும், அளவெடுக்கும் வேலையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். பாதையை வேறொரு கப்பல் உடைத்துத் தந்த அந்த ஆண்டுகளின் தரவு, தனியே சென்ற பயணங்களின் தரவைவிடத் தெளிவாக இருப்பதை இன்றும் கோப்புகளைத் திறந்தவுடன் காணலாம்.

இந்த அளவீடுகளின் பயன் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்கா தன் நீட்டிக்கப்பட்ட கண்டத்திட்டின் (கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பாலும் ஒரு நாடு உரிமை கோரக்கூடிய கடலடிப் பகுதி) வெளி எல்லைகளை அறிவித்தது. ஏழு பகுதிகளில் மொத்தம் ஏறத்தாழ பத்து லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஆர்க்டிக்கில் உள்ளது. அந்த ஆர்க்டிக் பகுதிக்கான சான்றுகளில் பெரும்பங்கு ஹீலியின் பயணங்களிலிருந்து வந்தது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் அமெரிக்கா இன்னும் சேரவில்லை என்பதால் அந்த எல்லைகளின் சட்ட நிலை வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது, அரசின் எல்லைக் கோரிக்கைக்காக எடுத்த ஆழத்தரவைப் பூட்டி வைக்காமல் பொது ஆவணக்களத்தில் எவரும் எடுக்கும்படி வைத்திருப்பது. இந்தச் சேவையின் மிகப் பெரிய நிறையாக நான் கருதுவதும் அதுவே.

வேதியியல் பக்கம் 2015ஆம் ஆண்டுப் பயணம் தனியே பேசத் தக்கது. கடல்நீரில் மிக நுண்ணிய அளவில் கரைந்துள்ள இரும்பு, துத்தநாகம், ஈயம் போன்றவற்றை உலகெங்கும் அளக்கும் ஜியோட்ரேசஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்துக்காக, அந்த ஆண்டு ஆகஸ்டில் அலாஸ்காவின் டச்சு ஹார்பரிலிருந்து ஹீலி புறப்பட்டது. இரும்பால் ஆன கப்பலிலிருந்து இரும்பின் நுண்ணளவைக் கண்டறிய வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். கப்பலின் துருவும் வண்ணப்பூச்சும் புகையும் கம்பிவடமும் எல்லாமே மாதிரியைக் கெடுக்கக் கூடியவை. ஆகவே உலோகம் வெளியே படாத வடமும், தனிக் குப்பிகளும், வடிகட்டிய காற்று நிரம்பிய தூய்மை அறையும் வேண்டும். கப்பலின் நிழலிலிருந்து விலகிப் பனிப்பாளத்தின் மேலே நடந்து சென்றும் மாதிரிகள் எடுக்க வேண்டும். அந்தப் பயணத்தில், செப்டம்பர் 5ஆம் நாள் ஹீலி வட துருவத்தை அடைந்தது. துணைக்கு வேறு கப்பல் இன்றி அமெரிக்க மேற்பரப்புக் கப்பல் ஒன்று அங்கே சென்றது அதுவே முதல்முறை. 2001இல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் என்ற பனியுடைப்பு ஆய்வுக் கப்பலோடு சேர்ந்து துருவத்தைத் தொட்டிருந்தது. 2022 செப்டம்பர் 30இல் மீண்டும் தனியே சென்றது. செய்தித்தாள்கள் துருவத்தை எட்டியதைப் பெரிதாக எழுதின. எனக்கோ, ஒரே பெருங்கடலில் ஏழு ஆண்டு இடைவெளியில் கிடைத்த அளவுகளை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறதே என்பதில்தான் மகிழ்ச்சி.

2011இல் நாசாவின் திட்டத்துக்காகச் சுக்சி கடலில் சென்றபோது நிகழ்ந்ததையும் விடக் கூடாது. வெளிச்சம் புகாது, ஆகவே உயிர்கள் செழிக்காது என்று நம்பப்பட்ட பனிப்பாளத்தின் அடியில், மிதவைப் பாசிகள் பெருந்திரளாகப் பூத்திருப்பதை ஸ்டான்ஃபோர்டின் கெவின் அரிகோ தலைமையிலான குழு கண்டது. பனியின் தடிமன் ஏறத்தாழ ஒரு மீட்டர். அந்தப் பசுமை பனிக்குள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது. மேற்பரப்பில் தேங்கிய உருகுநீர்க் குட்டைகள் சாளரங்களைப் போல ஒளியை உள்ளே விட்டன என்பது விளக்கம். துணைக்கோள் பனியின் மேற்புறத்தைத்தான் பார்க்கும். பனியின் அடியிலுள்ள நீரை அள்ளிப் பார்ப்பதற்குப் பனிக்குள் செல்லும் கப்பல் வேண்டும். ஹீலி போன்ற கப்பலுக்கு மாற்று இல்லை என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

படைக்கப்பல் என்பதால் ஆய்வு தவிர்ந்த கடமைகளும் அதற்கு உண்டு. 2011 நவம்பரில் புயல் காரணமாக அலாஸ்காவின் நோம் நகருக்குக் குளிர்காலத்துக்கு முந்தைய கடைசி எரிபொருள் சென்று சேரவில்லை. ரஷ்யாவின் ரெண்டா என்ற எண்ணெய்க் கப்பல் 13 லட்சம் கேலன் எரிபொருளோடு வந்தது. பல மாதப் பணி முடிந்து வீடு திரும்ப இருந்த ஹீலி அதற்கு முன்னே பனியை உடைத்துப் பாதை போட்டுக் கொடுத்தது. பின்னால் மூடிக்கொண்ட பனியில் எண்ணெய்க் கப்பல் சிக்கும்போதெல்லாம் திரும்பி வந்து அதைச் சுற்றி உடைத்து விடுவித்து, 2012 ஜனவரி நடுவில் நோம் கரையருகே கொண்டுவந்து சேர்த்தது. இப்படிப்பட்ட கடமை குறுக்கிடுவதால் ஆய்வுக்குரிய நாள்கள் குறையக்கூடும் என்று அறிஞர்கள் வருந்துவது நியாயமே. ஆனாலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர் எண்ணெயின்றிக் குளிரில் தவிக்கும்போது, உதவக்கூடிய கப்பல் உதவித்தான் ஆக வேண்டும். இதை நான் குறையாக எண்ணவில்லை.

குறை என்று எண்ணுவன வேறு. 2006 ஆகஸ்டில் ஆர்க்டிக் பனியில் நின்றிருந்தபோது, பயிற்சிக்காக நீரில் இறங்கிய காவல்படையினர் இருவர் உயிரிழந்தனர். பயிற்சி, மேற்பார்வை, திட்டமிடல் என எல்லா நிலைகளிலும் தவறு நிகழ்ந்ததை விசாரணை வெளிப்படுத்தியது. கப்பலின் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் முக்குளிப்பு விதிகள் மாற்றப்பட்டன. இக்கப்பலின் சாதனைகளைப் பேசும் எவரும் இந்த இருவரைத் தாண்டிச் செல்லக் கூடாது என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

2020 ஆகஸ்ட் 18இல் அலாஸ்காவின் சூவர்டிலிருந்து அறுபது கடல் மைல் தொலைவில், ஆய்வுக்காக வடக்கே போகும் வழியில், இரு பெரிய மோட்டார்களில் ஒன்று தீப்பற்றியது. எவருக்கும் காயமில்லை, ஆனால் அந்த ஆண்டின் ஆர்க்டிக் பயணம் அத்தோடு கைவிடப்பட்டது. கப்பல் கட்டப்பட்ட காலத்திலேயே வாங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்டிமோரில் வைத்திருந்த 106 டன் எடையுள்ள மாற்று மோட்டாரைப் பனாமா கால்வாய் வழியே கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து, கப்பலை வெட்டித் திறந்து பொருத்தினார்கள். அந்த மாற்று மோட்டாரைத் தொலைநோக்கோடு வாங்கிவைத்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அது இல்லாவிடில் புதிய மோட்டார் செய்து முடிக்கவே ஆண்டுகள் கழிந்திருக்கும். பழுது நீங்கிய கப்பல் 2021இல் கனடாவின் வட தீவுகளுக்கிடையே செல்லும் வடமேற்குக் கடல்வழியாகச் சென்று, பனாமா வழியே திரும்பி, வட அமெரிக்காவையே சுற்றி வந்தது. ஆனால் 2024 ஜூலையில் கனடாவின் பேங்க்ஸ் தீவருகே மின்கருவி ஒன்றில் மீண்டும் தீ. மீண்டும் சியாட்டிலுக்குத் திரும்பல், மீண்டும் ஆய்வு நாள்களின் இழப்பு. அக்டோபரில்தான் மறுபடி புறப்பட முடிந்தது.

ஆர்க்டிக்கில் ஆண்டு முழுவதும் கடலடியில் கட்டிவைத்த கருவிகளை மறு கோடையில் போய் எடுக்காவிட்டால், அவற்றின் மின்கலம் தீர்ந்துபோய்த் தொடர் அளவீட்டில் இடைவெளி விழும். காலநிலை மாற்றத்தை அறிய வேண்டியவருக்கு அந்த இடைவெளியை எந்தப் பணத்தாலும் பின்னர் நிரப்ப முடியாது. ஹீலியின் உண்மையான பலவீனம் அதன் வயதும் தனிமையும். அமெரிக்காவிடம் ஆர்க்டிக் ஆய்வுக்கென சிக்குலியாக் என்ற கப்பலும் உண்டு. அலாஸ்கா பல்கலைக்கழகம் இயக்கும் அது 80 மீட்டர் நீளமே கொண்டது, முக்கால் மீட்டர் பனிக்கு மேல் அதற்குக் கடினம். ஆழ்ந்த பனிக்குள் ஹீலியின் இடத்தை அது நிரப்ப இயலாது. 1982 முதல் ஓயாமல் உழைக்கும் போலார்ஸ்டெர்னைப் பார்க்கும்போது, ஒரு கப்பலை ஆய்வுக்கு மட்டுமே ஒப்படைத்துவிட்ட ஜெர்மனியின் முறை, நாள்களைப் பொறுத்தவரை அறிஞர்களுக்கு அதிக உறுதி தருகிறது என்று நான் நினைக்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். மைக்கேல் ஹீலி 1839இல் ஜார்ஜியாவில், அயர்லாந்திலிருந்து வந்த தோட்ட உரிமையாளருக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். பிறப்பின்படி அடிமையாக இருந்திருக்க வேண்டியவர், அலாஸ்கா கடலில் ‘பேர்’ (Bear) என்ற அரசுக் கப்பலின் தலைவரானார். கறுப்பின வழிவந்தவர்களில் அமெரிக்க அரசுக் கப்பலுக்குத் தலைமை ஏற்ற முதல் மனிதர் அவர்.

இந்தத் தரவுகளைப் பயன்படுத்த எண்ணும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஆண்டும் வரிசையும் சேர்ந்த ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு தேடினால் ஆழம், நீரளவுகள், வானிலை, பயண அறிக்கை எல்லாம் கிடைக்கும். அறிக்கையை முதலில் படியுங்கள். எந்த நாளில் பனி எவ்வளவு தடித்திருந்தது, எந்தக் கருவி எப்போது பழுதானது என்பது அதில்தான் இருக்கும். ஆழத்தரவில் மூலக் கோப்பைவிடத் துப்புரவு செய்த வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். கப்பலின் உச்சியிலுள்ள காமிரா மணிக்கொரு முறை எடுத்த படங்களும் சேமிப்பில் உள்ளன. ஓர் ஆழக்கோடு புரியாத வகையில் நடுங்கினால், அந்த மணியின் படத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அணியத்தின் முன்னே, நீலமும் வெள்ளையுமாக மேடிட்ட ஒரு பனிவரம்பு நின்றுகொண்டிருக்கும்.